பொறி மேல் நடந்துபோன கயோட்டி

கனடாவின் தெற்கு ஆல்பர்ட்டாவில், லெத்பிரிட்ஜ் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார். நவம்பர் வரை பண்ணைக்காரர் வைத்த கால்பொறிகளில் கயோட்டியும் நரியும் ஒழுங்காக மாட்டின. டிசம்பர் பாதியிலிருந்து ஒன்றும் இல்லை. பனியில் கால்தடம் பொறிக்கு நேர் மேலேயே போகிறது, ஆனால் பொறி அடிக்கவில்லை. "மிருகம் உஷாராகிவிட்டதா, இல்லை நாங்கள் ஏதாவது தப்பாகச் செய்கிறோமா?" என்பது கேள்வி.

மிருகம் உஷாராகவில்லை. உஷாரான கயோட்டி பொறிக்கு மேல் நடக்காது. சுற்றிக்கொண்டு போகும், அல்லது ஓரத்தில் தோண்டி, பொறியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் போகும். மேலேயே மிதித்துப் போயிருக்கிறது என்றால் அங்கே பொறி இருப்பது அதற்குத் தெரியவே இல்லை. ஆக, நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் சரி, மறைத்த விதமும் சரி. பொறி உறைந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லோரும் குளிரைத் திட்டுவார்கள். குற்றவாளி குளிர் இல்லை, ஈரம்.

கயோட்டி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூரில் நரி என்று சொல்வது பெரும்பாலும் பொன்னிறக் குள்ளநரியை. கயோட்டி அதற்கு ஒன்றுவிட்ட உறவு, நாய் இனத்தோடு ஒரே பேரினம். 10 முதல் 18 கிலோ வரை இருக்கும். இங்கே நரி என்றால் செந்நரி, 4 முதல் 6 கிலோ, புதர் மாதிரி வால். கயோட்டி இருக்கும் இடத்தில் நரி ஒதுங்கித்தான் வாழும், அதனால்தான் நரிகள் பண்ணை வீட்டை ஒட்டியே திரிகின்றன. இன்னொன்று, இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரி பிடிப்பது குற்றம். சேலம் வாழப்பாடி பக்கம் காணும் பொங்கலுக்கு வலை கட்டி வங்காநரி பிடித்து ஊர்வலம் விடுகிறவர்களுக்கே வனத்துறை அபராதம் போடுகிறது.

சரி, பொறிக்கு வருவோம். படங்களில் பல் வைத்த இரும்புப் பொறி ஒன்று காட்டுவார்களே, அது இப்போது இங்கே யாரும் வைப்பதில்லை. இன்றைய கால்பொறியில் இரண்டு வழுவழுப்பான தாடைகள், அவற்றைத் தூக்கி அடிக்க இரண்டோ நாலோ சுருள் ஸ்பிரிங், நடுவில் உள்ளங்கை அளவுக்கும் சின்னதாக ஒரு தட்டு. ஒரு தாடையை அழுத்திப் பிடித்திருக்கும் சின்ன இரும்பு நாக்கு தட்டின் விளிம்பில் மாட்டியிருக்கும். அந்த நாக்குக்கு ஆங்கிலத்தில் 'டாக்' என்றே பெயர், நாய் பிடிக்கும் பொறிக்குள் ஒரு நாய். தட்டு அரை சென்டிமீட்டர் இறங்கினால் நாக்கு விடும், தாடை மூடும். இந்த அரை சென்டிமீட்டர்தான் முழு விஷயமும். தட்டுக்குக் கீழே அந்த அரை சென்டிமீட்டரில் ஐஸ் நிறைந்தால் மேலே யானை நின்றாலும் பொறி அடிக்காது.

என் முதல் குளிர்காலத்தில் நானும் இதில் நன்றாக ஏமாந்தேன். வேலியோரத்தில் வைத்த பொறி, காலையில் போய்ப் பார்த்தால் தட்டின் நட்டநடுவில் கயோட்டியின் முன்னங்கால் தடம், நாலு விரலும் நகமும் அச்செடுத்த மாதிரி. கட்டை விரலால் அழுத்தினேன், அசையவில்லை. பூட்ஸ் குதிகாலை வைத்து ஏறி நின்றேன், அப்போதும் அசையவில்லை. திருப்புளியை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் பொறி, மண், வைக்கோல் எல்லாம் ஒரே வட்டமாக, ஊத்தப்பம் கல்லிலிருந்து வருவது போல ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்து வந்தது. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். மேலே இருந்ததைவிட அடியில்தான் ஐஸ் தடியாக இருந்தது. "தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது" என்றார். அன்றைக்குப் புரிந்ததுதான் எனக்கு இந்த வேலையில் முக்கால்வாசி.

உங்கள் ஊரில் இது இன்னும் மோசமாக இருப்பதற்குக் காரணம் சினூக். ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் அந்த வறண்ட வெப்பக் காற்று டிசம்பரில்கூட ஒரே மத்தியானத்தில் பனியை உருக்கிவிடும். ராத்திரி திரும்பவும் மைனஸ் 15. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 அன்று காலை இதே மாதிரி காற்று இறங்கி, வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20-லிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து, அரை மணிக்கும் குறைவான நேரத்தில் மறுபடி மைனஸ் 20-க்கு விழுந்தது. அப்படி ஒரு நாளில் மண்ணுக்குள் இருக்கும் பொறி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உருகிய தண்ணீர் தட்டுக்கு அடியில் இறங்கி, அங்கேயே கல்லாகிவிடும். இதோடு ஒப்பிட்டால் வாரக்கணக்கில் மைனஸ் 30-லேயே கிடக்கும் வடக்குப் பக்கம் பொறிக்கு நல்ல இடம். அங்கே பனி கோதுமை மாவு மாதிரி உலர்ந்து கிடக்கும், எதிலும் ஒட்டாது.

கீழிருந்து வரும் ஈரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மேலே மைனஸ் 20 என்றாலும் பனிப் போர்வைக்குக் கீழே மண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்த வெதுவெதுப்பிலிருந்து நீராவி மேலேறிக்கொண்டே இருக்கும். நீங்கள் குழி தோண்டி மண்ணைத் தளர்த்தியிருக்கிறீர்கள், நடுவில் சில்லிட்ட இரும்பு வைத்திருக்கிறீர்கள். நீராவி வந்து படிய அதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஃப்ரீசர் சுவரில் படிகிற மாதிரி இரண்டு மூன்று ராத்திரியில் பொறியின் அடியில் படிந்துவிடும். அதனால் குழியை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூடுதலாக ஆழப்படுத்தி, அடியில் உலர்ந்த பதரையோ பீட் பாசித் தூளையோ பரப்பி, அதன் மேல் பொறியை வையுங்கள். பரப்பிய பிறகு நன்றாக அமுக்கிவிட வேண்டும். பொறி ஆடக்கூடாது. தாடை ஓரத்தில் கால் பட்டு லேசாக ஆடினாலே போதும், கயோட்டி நின்று தோண்டிப் பார்க்கும்.

இரும்பும் ஈரம் கொண்டுவரும். வீட்டுக்குள்ளோ டிரக்கின் ஹீட்டர் பக்கமோ வைத்திருந்த பொறியை நேரே பனியில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள பனி உருகி உடனே உறையும். முந்தின நாள் ராத்திரியே பொறிகளை வெளியில் போட்டுக் குளிரவிடுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் புதிதாக வைத்த பொறி மறுநாளே உறைந்துகிடந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். பொறிக்கு மெழுகு பூசியிருந்தால் ஐஸ் ஒட்டுவது குறையும். துருப்பிடித்த சொரசொரப்பான பொறி ஈரத்தை விடவே விடாது.

தட்டுக்கு அடியில் மண் புகாமல் தலையணைப் பஞ்சு கொஞ்சம் செருகுவார்கள். செயற்கைப் பஞ்சு, தண்ணீர் குடிக்காது, அழுத்தினால் இறங்கும். பருத்திப் பஞ்சு வேண்டாம், அது ஊறி உறைந்து மரக்கட்டையாகிவிடும்.

இனி மூடுவது. இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள், பனியை அள்ளிப் போட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் வாசலில் பனி தள்ளியிருப்பீர்கள். தள்ளும்போது பூப்போல இருந்த பனி, ஓரத்தில் குவித்த மறுநாள் காலை மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகிவிடுகிறது, இல்லையா? ஒரு சொட்டுக்கூட உருகியிருக்காது. கலைத்த பனியின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும், அது அதன் குணம். பொறிக்கு மேல் சலித்துப் போட்ட பனியும் அப்படித்தான் சில மணி நேரத்தில் ஒரு பாலம் மாதிரி இறுகி நிற்கும். நரி 5 கிலோ எடையோடு அந்தப் பாலத்தின் மேல் நடந்து போய்விடும். கயோட்டி கனம் என்பதால் சில சமயம் உடையும். மெழுகுத்தாளைப் பொறிமேல் விரித்து அதற்கு மேல் மெல்லிசாகப் பனி சலிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த காற்று அடிக்கும் வரை அது வேலை செய்யும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

மெழுகு மண்தான் பழைய ஆட்களின் நம்பிக்கை. எலும்பு மாதிரி உலர்ந்த பொடி மண்ணில் அல்லது மணலில் பாரஃபின் மெழுகைச் சூடாக்கிக் கலப்பது. பதினைந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மெழுகு என்பார்கள், மண்ணைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். கோடையில் கறுப்புத் தார்ப்பாயில் வெயிலில் பரப்பிப் புரட்டினாலே மெழுகு இளகிக் கலந்துவிடும். அடுப்பில் செய்தால் திறந்தவெளியில், தீ எட்டாதபடி செய்ய வேண்டும், மெழுகு பற்றிக்கொள்ளும். ஒழுங்காகக் கலந்திருந்தால் மேலே தண்ணீர் விட்டுப் பாருங்கள், சேம்பிலையில் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கும். அதற்கும் ஒரு குறை உண்டு. மேலே பனி விழுந்து, லேசாக உருகி, திரும்ப உறைந்தால் மண் உறையாவிட்டாலும் அதன் மேல் ஓர் ஐஸ் தோல் உருவாகும். அதைப் போய் உடைத்துவிட்டு வரத்தான் வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்பது டிசம்பரில். இப்போது போய் உலர்ந்த மண்ணுக்கு எங்கே போவது? உங்களிடம் இருப்பது ஆட்டுப் பண்ணை, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். வைக்கோல் கொட்டகைக்குள் மூலையில் தரையைச் சுரண்டுங்கள். மழையும் பனியும் பல வருஷமாகப் படாத மண்ணும் பதரும் தூசியும் கலந்து கிடக்கும். ஈரமே இருக்காது, அதோடு அந்தப் பண்ணையின் வாசனையே அதில் இருக்கும், கயோட்டிக்குப் புதிதாகத் தோன்ற ஒன்றும் இல்லை. நாலைந்து சாக்கு நிரப்பி டிரக்கில் போட்டுக்கொள்ளுங்கள். பொறிக்கு மேல் மட்டும் ஒரு பிடி போட்டால் வெள்ளைப் பனியில் பழுப்புத் திட்டு பளிச்சென்று தெரியும். அதனால் இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தாராளமாகப் பரப்பி, பொறியை அதற்குள் எங்காவது வையுங்கள். ஒரு கை வைக்கோலையும் நடுவில் குவித்து விடுங்கள். இரண்டு நாளில் சுண்டெலி வந்து குடியேறும். அப்புறம் நரியை அழைக்க வேறு வாசனை மருந்து தேவையில்லை, எலிச் சத்தத்தை அது வெகுதூரத்திலிருந்தே கேட்கும். கால் வைக்க உலர்ந்த, வெதுவெதுப்பான இடம் என்பதற்காகவே கயோட்டியும் அதில் ஏறி நிற்கும். இந்த வைக்கோல் பொறியில் எனக்குக் கிடைத்த நரிகள், மற்ற முறைகளில் கிடைத்ததைவிட அதிகம்.

உப்பு போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், கால்சியம் குளோரைடு இன்னும் கீழான குளிரிலும் வேலை செய்யும். ஆனால் இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பொறியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆட்டுப் பண்ணையில் உப்பு என்றால் ஆடும் மானும் நக்க வந்துவிடும், பொறியில் மாட்டுவது அதுவாக இருக்கும். காரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். சாதாரண வகையில் இருப்பது எத்திலீன் கிளைகால், தித்திப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். தேவைப்பட்டால் புரோப்பிலீன் கிளைகால் என்று பார்த்து வாங்குங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை சமவெளியில் காற்றே உங்களுக்கு உதவி செய்யும். மேட்டின் முதுகில் பனி நிற்காது, காற்று வழித்துவிடும். கயோட்டியும் ஆழமான பனியில் நீந்திப் போக விரும்பாது. மேட்டு முதுகு, டிரக் தடம், ஸ்னோமொபைல் தடம் என்று கெட்டியான வழியாகவே போகும். நீங்கள் தினமும் போகிற அதே தடத்தின் ஓரத்தில் வைத்தால் உங்கள் கால்தடம் புதிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரத்தடியும் நல்லது, கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடியில் மண் உலர்ந்திருக்கும்.

பொறியின் சங்கிலியைப் பிடித்திருக்கும் முளையை இறுகிய தரையில் அடிப்பது தனி வேதனை. கயோட்டிக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் இரும்பு முளை வேண்டும். பாறைக்குத் துளை போடும் பிட்டை ட்ரில்லில் மாட்டி முதலில் ஓட்டை போட்டுவிட்டு அடியுங்கள். பிடுங்குவது ஏப்ரலில்தான்.

வாசனை மருந்து குளிரில் பாதி ஊமையாகிவிடும். மைனஸ் 20-க்குக் கீழே இறைச்சி வாசனையெல்லாம் எழும்பாது. ஸ்கங்க் என்ற நாற்றமடிக்கும் மிருகத்தின் சுரப்பி கலந்தது மட்டும்தான் காற்றில் போகும். உறையாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்த மருந்தாகப் பாருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து கயோட்டிகளின் இணை சேரும் காலம், அப்போது மூத்திரம் ஒன்றே போதும், புல் கொத்தில் நாலு சொட்டு. செத்த ஆட்டைத் திறந்தவெளியில் போட்டு அதன் பக்கத்தில் பொறி வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் இறைச்சிக்கு முதலில் வருவது கழுகும், மேக்பை என்ற காக்கை இனப் பறவையும். பல இடங்களில் விதியும் அதைத் தடுக்கிறது. சொல்லப்போனால் செத்த ஆடுகளைக் கொட்டும் குழியை மூடுவதே கயோட்டியைப் பண்ணைக்குப் பழக்கப்படுத்தாமல் இருக்கச் செய்யக்கூடிய முதல் வேலை.

"பொறி உறைகிறது என்றால் கம்பிக் கண்ணி போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், வேலிக்கு அடியில் மிருகம் நுழையும் ஓட்டையில் தொங்கும் கண்ணி உறையாது. ஆனால் பனி அதன் கணக்கைக் குலைக்கும். தரையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் வளையம் தொங்க வேண்டும். ராத்திரி 15 சென்டிமீட்டர் பனி விழுந்தால் வளையம் மிருகத்தின் மார்புக்கு வந்துவிடும். சினூக் வந்து பனி அடங்கினால் அதே வளையத்துக்குக் கீழே அது குனியாமலே போய்விடும். உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, காவல் நாய். கிரேட் பிரனீஸ், மரெம்மா மாதிரி நாய்கள் ராத்திரி முழுக்க அதே வேலி ஓட்டைகளில்தான் போய்வரும். கால்பொறியில் மாட்டிய நாயை விடுவித்துவிடலாம். கழுத்தில் மாட்டிய கண்ணி காலை வரை காத்திருக்காது. மந்தையோடு நாய் திரியும் பண்ணையில் கண்ணியே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மிருகத்தின் பக்கமும் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். கவ்விய காலில் ரத்த ஓட்டம் குறையும், கடுங்குளிரில் அந்தப் பாதம் சில மணி நேரத்தில் உறைய ஆரம்பிக்கும். கால்பொறிமீது உலகத்துக்குக் கோபம் வந்ததற்கு இது முக்கியமான காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் விதி போட்டு அதைத் தடை செய்தது. 1997-ல் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து பொறிகளுக்குத் தர அளவு வைத்து ஒப்பந்தம் போட்டன. அதனால் கனடாவில் கயோட்டிக்குச் சான்று பெற்ற பொறியைத்தான் வைக்க வேண்டும். தாடைக்கு ரப்பர் வைத்தது, அல்லது தடித்த தாடைகளுக்கு நடுவில் சின்ன இடைவெளி விட்டது, சங்கிலியில் இரண்டு மூன்று இடத்தில் சுழலும் கொக்கி, இவையெல்லாம் அலங்காரம் இல்லை. தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்துவிடுங்கள், விதி அதைவிட அதிக நேரம் கொடுத்தாலும் சரி. மைனஸ் 30 என்று வானிலை சொன்னால் நான் எல்லாப் பொறியையும் அடித்து மூடிவிடுவேன். அந்தக் குளிரில் கயோட்டியும் அதிகம் நடமாடாது, இழப்பு ஒன்றுமில்லை.

தோலுக்காகவும் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். ரோமம் நன்றாக இருப்பது நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை. அதற்கப்புறம் முதுகிலும் பிட்டத்திலும் தேய்ந்துவிடும். பெரிய காசும் இல்லை. பார்க்கா என்ற குளிர்கோட்டின் தொப்பி ஓரத்துக்குக் கயோட்டி ரோமம் வாங்கிக் குவித்த கனடா கூஸ் நிறுவனம், ரோமமே வேண்டாம் என்று 2021-ல் அறிவித்துவிட்டது. எதுவானாலும் உடல் உறையும் முன் தோலை உரித்துவிடுங்கள். உறைந்த கயோட்டி இளகுவதற்கு நாள் கணக்காகும், அதற்குள் வயிற்றுப் பக்கம் ரோமம் கழன்றுவரும். கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். சமவெளிக் கயோட்டியிலும் நரியிலும் இருக்கும் ஒரு நாடாப்புழுவின் முட்டை மனிதனுக்குள் போனால் கல்லீரலில் கட்டி மாதிரி வளரும். சொறி பிடித்து ரோமம் கொட்டிய மிருகம் என்றால் டிரக்கிலேயே ஏற்றாதீர்கள், காவல் நாய்க்குத் தொற்றும்.

உரிமம் யார் பெயரில் இருக்கிறது, பொறிக்கு என்ன விதி என்பதை மாகாணம் ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடும் கையேட்டில் பண்ணைக்காரரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடைசியாக, பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தந்திரம். கொட்டகைக்குப் பின்னால், நாயும் ஆடும் வராத இடத்தில், ஒரு பொறியைச் சும்மா வையுங்கள். வெளியில் வைத்த அதே மண், அதே பஞ்சு, அதே மூடல், மருந்து மட்டும் வேண்டாம். காலையில் கிளம்பும் முன் ஒரு குச்சியால் அதன் தட்டுக்கு மேல் அழுத்திப் பாருங்கள். டப்பென்று அடித்தால் வெளியில் இருப்பவையும் அடிக்கும், சும்மா ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குச்சி வளைந்தும் அடிக்கவில்லை என்றால் சல்லடையையும் நாலு சாக்குப் பதரையும் டிரக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் வேலை இருக்கிறது.